எங்கே மிச்சம் பிடிச்சிருக்காங்க?

நம்ம காலேஜ்ல யாராவது ஒரு ஆக்‌ஷன் ஃபிகர் வாங்கிட்டு வந்தா ஹாஸ்டல் ரூம்ல கூட்டம் கூடிடும். முதல் கேள்வி, "எவ்ளோடா?" விலையைச் சொன்னதும் ஒரு விசில். அடுத்த கேள்வியைக் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவன் கேட்பான்: "எத்தனை ஜாயின்ட்டு?" முப்பதுன்னு பதில் வந்தா பொம்மைக்கு மரியாதை கூடும், வாங்கினவனுக்கும் கூடும். அப்புறம் முகத்தை ஜூம் பண்ணி ஒரு போட்டோ, ஒரு ஸ்டோரி. கூட்டம் கலைஞ்சிடும்.

விலை, ஜாயின்ட் எண்ணிக்கை, முகம். இந்த மூணை மட்டும் வெச்சு ஒரு பொம்மை தரமானதா இல்லையான்னு உங்களால சொல்ல முடியாது என்பது என் கட்சி. நான் கேட்கச் சொல்ற கேள்வி வேற: "இதுல எங்கே மிச்சம் பிடிச்சிருக்காங்க?"

மிச்சம் பிடிக்காத பொம்மைன்னு ஒண்ணு கிடையாது. ஸ்டீல் அச்சு, பிளாஸ்டிக், பெயின்ட், கூலி, பெட்டி, கப்பல் வாடகை எல்லாத்தையும் ஒரு விலைக்குள்ள அடக்கியாகணும். எங்கேயாவது கை வெச்சே தீரணும். கை வெச்ச இடம் சரியான இடமா என்பதுதான் விஷயம். நம்ம மெஸ்ஸையே எடுத்துக்கோங்க. பாயசத்துல முந்திரியைக் குறைச்சா முணுமுணுத்துட்டுக் குடிச்சிடுவோம். சாம்பார்ல பருப்பைக் குறைச்சா அது சாம்பாரே இல்லை.

இதை ஃபேன்டஸி பொம்மைகளை வெச்சுப் பேசறதுக்குக் காரணம் இருக்கு. ஒரு ராணுவ வீரன் பொம்மைன்னா முழங்கால் வெட்டு பேன்ட் மடிப்புக்குள்ள ஒளிஞ்சுக்கும், தோள் வெட்டைச் சட்டைக் கை மறைச்சிடும். வாளேந்தின காட்டு வீரன் என்ன போட்டிருக்கான்? இடுப்புல ஒரு துண்டு ரோமத்தோல், நெஞ்சுல ஒரு வார், காலில் பூட்ஸ். அவ்வளவுதான். அவனுக்கு வைக்கிற ஒவ்வொரு ஜாயின்ட்டும் வெற்றுத் தசை மேல போடுற வெட்டு, அது கண்ணுக்குத் தெரிஞ்சே தீரும். போதாக்குறைக்கு கையில ஆள் உயரத்துக்கு வாள், முதுகுல இறக்கை, தலையில கொம்பு, பின்னால வால். இத்தனை பாரமும் கடைசியில ரெண்டு சின்னக் கணுக்கால்ல வந்து இறங்குது. சாதாரண மனுஷப் பொம்மையைவிட இவனை நல்லாச் செய்யறது கஷ்டம். அதனாலேயே, எங்கே ஏமாத்தியிருக்காங்கன்னு இவன்கிட்டே சீக்கிரம் தெரிஞ்சிடும்.

ஹீ-மேன்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். மேட்டல் கம்பெனி 1982ல 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்' பொம்மைகளைக் கொண்டு வந்தது. கார்ட்டூன் வந்தது அதுக்கு அடுத்த வருஷம். பொம்மைதான் அண்ணன், கார்ட்டூன் தம்பி. லியோ என்ற பெயரில் இந்தியாவிலும் இந்தப் பொம்மைகள் தயாராகி வித்தன. உங்க வீட்டுல மாமா சித்தப்பா யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க, கண்ணு கலங்க ஒரு கதை சொல்வாங்க. அஞ்சரை அங்குல உயரம். கழுத்து, ரெண்டு தோள், இடுப்பு, ரெண்டு தொடை, மொத்தம் ஆறு ஜாயின்ட். எப்பவும் பாதி உட்கார்ந்த மாதிரியே நிற்பான். இன்றைய கணக்குப்படி பார்த்தா தேறவே மாட்டான்.

அவங்க மிச்சம் பிடிச்ச இடத்தைப் பாருங்க. இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் பெரிய செலவு பிளாஸ்டிக் இல்லை, அச்சு. மூணாம் வருஷம் மேனுஃபாக்சரிங் பேப்பர் படிச்சவங்களுக்கு இது தெரியும்: ஸ்டீலைக் குடைஞ்சு ஒரு அச்சு செஞ்சு முடிக்கிறதுக்குள்ள பணம் கரைஞ்சிடும், அதுக்கப்புறம் ஒவ்வொரு ஷாட்டும் மலிவு. அதனால மேட்டல் என்ன பண்ணுச்சு? ஒரே உடம்பு அச்சை வெச்சு ஊரையே உருவாக்கிடுச்சு. ஹீ-மேனோட அந்த மார்பும் தொடையும்தான் ஸ்கெலிட்டருக்கும். மண்டையோட்டு முகத்து மந்திரவாதிக்கு ஏன் பயில்வான் உடம்புன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? அச்சு இருந்தது, அதான். மேன்-அட்-ஆர்ம்ஸ் என்பவன் கவசம் மாட்டின அதே உடம்பு. ஃபேக்கர் என்பவன் நீலப் பிளாஸ்டிக்கில் வார்த்த ஹீ-மேன், ஆரஞ்சு நிறத்துல ஸ்கெலிட்டரோட கவசம். ஹீ-மேன் ஏறிப் போற பேட்டில் கேட் புலி, அதே கம்பெனியோட பிக் ஜிம் வரிசைக்காகச் செஞ்ச பழைய புலி அச்சுல பச்சைப் பிளாஸ்டிக்கை ஊத்தினது. 1985ல வந்த ஸ்டிங்கருக்குப் புதுத் தலைகூடச் செய்யலை. மெர்-மேன் தலையைக் கறுப்பு வெள்ளையாக்கிட்டு, அதுக்குப் பதிலா ஒரு நாத்தத்தைச் சேர்த்துக் கொடுத்தாங்க. பிழைச்சிருக்கிற சில ஸ்டிங்கர்கள் இன்னைக்கும் நாறுதாம். அதையும் தரம்னுதானே சொல்லணும்!

இவ்வளவு மிச்சம் பிடிச்சவங்க எதுல கை வைக்கலை? உடம்பு முழுக்கக் கெட்டிப் பிளாஸ்டிக். இடுப்புல ஒரு ஸ்பிரிங். திருப்பி விட்டா சட்டுனு சுழன்று குத்துவான். கையில கொடுத்தா அஞ்சு வயசுப் பையனுக்கு விளக்கம் தேவைப்படாது. நிறங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே கலந்தவை. தேய்ச்சாலும் அடியில அதே நிறம்தான் இருக்கும். சுவத்துல அடிச்சு விளையாட ஒரு பொம்மை வேணும் என்பதுதான் கேள்வி, அதுக்கான பதில் அங்கே இருந்தது.

அதுலயும் ஒரு இடம் பலவீனம். ரெண்டு காலையும் உள்ளே ஒரு ரப்பர்தான் இழுத்துப் பிடிச்சிருக்கும். நாற்பது வருஷத்துல பிளாஸ்டிக் அப்படியே இருக்க, அந்த ரப்பர் சில பொம்மைகள்ல தளர்ந்து போய்க் கால் ஊஞ்சலாடுது. பழைய ஹீ-மேனை யாராவது விற்க வந்தா வர்ணத்தைப் பார்க்காதீங்க. காலைத் தூக்கி விடுங்க, அங்கேயே நிக்குதான்னு பாருங்க.

இப்போ நேரெதிரா ஒண்ணு. 1994ல டாட் மெக்ஃபார்லேன் தன் ஸ்பான் காமிக்ஸ் பாத்திரங்களுக்காகத் தானே ஒரு பொம்மைக் கம்பெனி ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல பொம்மைல யாரும் பார்க்காத அளவுக்கு நுணுக்கம்: சங்கிலி, சுருக்கம், கிழிசல், பல்லு. பின்னால வந்த டார்க் ஏஜஸ் ஸ்பான் வரிசையில கவசம் போட்ட அரக்க வீரர்கள்லாம் கோயில் தூண் சிற்பம் மாதிரி நெருக்கமா இருப்பாங்க. ஆனா பலரை அசைக்கவே முடியாது. தோள் கொஞ்சம் சுத்தும், இடுப்பு கொஞ்சம் திரும்பும், எந்தப் பக்கம் திருப்பினாலும் முதல்ல இருந்த நிலைதான் அழகு. அங்கே பணத்தைச் சிற்பத்துல போட்டு அசைவுல மிச்சம் பிடிச்சாங்க. இதையும் நான் தரக்குறைவுன்னு சொல்லமாட்டேன். ஏன்னா அவங்க அதை மறைக்கலை. எடுத்த உடனே தெரிஞ்சிடும், இது நிக்க வெச்சுப் பார்க்கிற பொருள்னு.

எனக்குக் கோபம் வர்றது மூணாவது வகை மேல. முப்பது ஜாயின்ட், சினிமா முகம், காந்தம் வெச்ச பெட்டி, எல்லாம் இருக்கும். மிச்சம் பிடிச்சது நீங்க பார்க்க முடியாத இடத்துல: ஜாயின்ட்டுக்குள்ள.

எங்க விங்ல ஒருத்தன், வீக்கெண்டுல ஸ்கூல் பசங்களுக்கு மேத்ஸ் ட்யூஷன் எடுத்து அஞ்சு மாசம் சேர்த்த காசுல அப்படி ஒண்ணு வாங்கினான். எந்தக் கம்பெனின்னு வேண்டாம். நாலு யூட்யூப் அன்பாக்ஸிங் பார்த்துட்டுத்தான் வாங்கினான், நாலுமே ஒன்பதரைக்கு மேல மார்க் போட்டிருந்தது. ரெண்டாம் நாள் கணுக்காலைத் திருப்பினப்போ பாதம் தனியா கையில வந்தது. உள்ளே இருந்த குச்சி குண்டூசியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், அதுவும் மேல பெயின்ட் ஒட்டி இறுகியிருந்தது. விற்றவருக்கு மெயில் போட்டான். பதில் ரெண்டு வரி: இது விளையாட்டுப் பொருள் இல்லை, கலெக்டிபிள், அதிகம் அசைக்கக் கூடாது.

ஆக்‌ஷன் ஃபிகரை அசைக்கக் கூடாதாம்! முப்பது ஜாயின்ட்னு பெட்டி மேலயே அச்சடிச்சிட்டு, அதைத் தொட்டா உங்க தப்புன்னு சொல்றது என்ன நியாயம்? அந்த ரெண்டு வரியைப் படிச்சப்போதான் இதை எழுதணும்னு தோணுச்சு. 'கலெக்டிபிள்' என்ற வார்த்தை இப்போ தரத்துக்குப் பேரா இல்லாம, தரத்தைப் பத்திக் கேட்காதேன்னு சொல்றதுக்குப் பேரா ஆயிடுச்சு.

சரி, ஜாயின்ட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நம்ம சப்ஜெக்ட்தான். ஒரு உதாரணக் கணக்கு: ஏழு அங்குலப் பொம்மை கையை நேரா நீட்டி வாளைப் பிடிச்சு நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. வாள் 15 கிராம், அதோட எடை மையம் தோளிலிருந்து 8 சென்டிமீட்டர். கை 20 கிராம், மையம் 4 சென்டிமீட்டர். 15 பெருக்கல் 8, கூட்டல் 20 பெருக்கல் 4, மொத்தம் 200 கிராம் சென்டிமீட்டர். தோளுக்குள்ள இருக்கிற அச்சாணியோட ஆரம் 4 மில்லிமீட்டர்னா, கை விழாம இருக்க அந்த உரசல் மட்டும் அரைக் கிலோ எடையைத் தாங்கற அளவுக்கு இருக்கணும். கடலை மிட்டாய் சைஸ் தோள்ல, நாள் முழுக்க, மாசக்கணக்கா.

அந்த உரசல் எங்கிருந்து வருது? துளையைவிட அச்சாணியை ஒரு முடி அளவு பெருசா செஞ்சு இறுக்கி ஏத்தியிருப்பாங்க. இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட். உலோகத்துல அது அப்படியே நிக்கும். பிளாஸ்டிக் அப்படி இல்லை. தொடர்ந்து அழுத்திட்டே இருந்தா மெதுவா விட்டுக் கொடுத்திடும். க்ரீப்பும் ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷனும் பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியா மட்டும்தான் வரும்னு நினைச்சிருப்பீங்க. உங்க அலமாரில இப்போ ஓடிட்டே இருக்கு. மென்மையான பிவிசி சீக்கிரம் தளரும். ஏபிஎஸ் கொஞ்சம் கெட்டி. அசெட்டால் வழுக்கும், ஆனா தேயாது, அதனால சின்ன அச்சாணிக்கு ஏத்தது. நல்ல கம்பெனி ஒரே பொம்மைக்குள்ளேயே இதையெல்லாம் கலந்து வைக்கும்: தசைக்கு பிவிசி, முட்டிக்குள்ள கெட்டியான வேற பிளாஸ்டிக். சோம்பேறிக் கம்பெனி எல்லாத்தையும் ஒரே பிவிசியில வார்த்து முடிச்சிடும். பெட்டியில ரெண்டுக்கும் முப்பது ஜாயின்ட்னுதான் போட்டிருக்கும்.

பெரிய வாள், பெரிய இறக்கை இருக்கிற பொம்மைகள்ல சிலர் தோளுக்கும் இடுப்புக்கும் பல் வெச்ச ராட்செட் ஜாயின்ட் வைக்கிறாங்க. அசைச்சா டிக் டிக்னு சத்தம் வரும். அது உரசலை நம்பாம பல்லை நம்புது. அதுக்கும் ஒரு விலை உண்டு: ரெண்டு பல்லுக்கு நடுவுல நிறுத்த முடியாது, நீங்க நினைச்ச கோணத்துக்கு அரை டிக் முன்னால நிக்கும் இல்லைன்னா பின்னால. ஆனா மூணு வருஷம் கழிச்சும் அங்கேயே நிக்கும். நான் ராட்செட் கட்சி.

ஜப்பான் மேக்ஸ் ஃபேக்டரியோட ஃபிக்மா வரிசையைப் பாருங்க. லிங்க், பெர்செர்க் கட்ஸ் எல்லாம் அதுல உண்டு. பெட்டிக்குள்ளேயே மடக்கக்கூடிய ஒரு ஸ்டாண்டு கொடுப்பாங்க. கட்ஸ் தூக்கற வாளைப் பார்த்திருக்கீங்களே, அதை ரெண்டு கணுக்கால் தாங்காது. தாங்காதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டு ஒரு கம்பியைக் கொடுத்துட்டாங்க. இதுதான் நேர்மையான மிச்சம். ஸ்டாண்டும் கொடுக்காம, கணுக்காலையும் குச்சியில நிறுத்தி, போட்டோவுல மட்டும் ஒத்தைக் கால்ல பறக்க விடுறது வேற ரகம்.

போட்டோன்னு சொன்னதும் முகத்துக்கு வந்துடறேன். முன்பதிவு சமயத்துல நீங்க பார்க்கிற படம் பெரும்பாலும் ஒரு சிற்பி உட்கார்ந்து கையால வர்ணம் தீட்டின மாதிரிப் பொம்மையோடது. ஃபேக்டரியில கண்ணு வைக்கிறது வேற விதம்: ஒரு சிலிக்கான் பஞ்சு தட்டிலிருந்து மையை எடுத்து முகத்துல ஒத்தி எடுக்கும். பொம்மை அரை மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருந்தா மாவீரனுக்கு ஓரக்கண்ணு. இப்போ சில கம்பெனிகள் முகத்தை நேரா டிஜிட்டலா அச்சடிக்கிறாங்க. தூரத்துல உயிரோட இருக்கிற மாதிரி இருக்கும், லென்ஸ் வெச்சுப் பார்த்தா பேப்பர் போட்டோ மாதிரி புள்ளி புள்ளியா தெரியும். முகம் சொதப்பினா மனசு கஷ்டப்படும்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா வாங்கின அன்னைக்கே தெரியற குறை அது. திருப்பி அனுப்பலாம், இல்லை கை நடுங்காத ஃப்ரெண்டு இருந்தா திருத்தலாம். ஜாயின்ட் குறை திருப்பி அனுப்பற தேதி முடிஞ்சப்புறம்தான் வாய் திறக்கும்.

பெயின்ட்ல நான் பார்க்கச் சொல்ற இடம் முழங்கால். தோல் நிறத்துக்கு வேற நிறப் பிளாஸ்டிக் மேல பெயின்ட் அடிச்சிருந்தா, பத்து தடவை மடக்கினதும் மடிப்புல அடி நிறம் கோடாத் தெரியும். பிளாஸ்டிக்கே தோல் நிறத்துல இருந்தா எத்தனை தடவை மடக்கினாலும் தெரியாது. நாற்பது வருஷம் முன்னாடி ஹீ-மேன்ல செஞ்ச அதே வேலை. அப்படியே அச்சு ரெண்டு பாதியும் சேர்ற கோட்டை விரலால தடவிப் பாருங்க. அந்தக் கோடு இருக்கிறது தப்பில்லை, இல்லாம வார்க்கவும் முடியாது. அது முகத்துக்கு நடுவுல போகாம பக்கவாட்டுல போகுதா, பிசிறு நீக்கியிருக்காங்களான்னு பாருங்க. பிசிறு அப்படியே இருந்தா, அந்தப் பொம்மையைக் கடைசியா ஒரு மனுஷன் கையில எடுத்துப் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்.

"கையில எடுத்தா கனமா இருக்குடா, நல்ல பீஸ்" என்பது இன்னொரு நம்பிக்கை. பிவிசியோட அடர்த்தி சுமார் 1.3, ஏபிஎஸ்ஸோடது 1.05 பக்கம். அதே அளவுப் பொம்மை பிவிசியில கனமாத்தான் இருக்கும், அந்தக் கனத்தையும் அதே கணுக்கால்தான் சுமக்கணும். தேங்காய் வாங்கற மாதிரி தூக்கிப் பார்த்துத் தரம் சொல்லாதீங்க.

விலைக்கும் வந்துடுவோம். இந்தியாவுல பொம்மை மேல இறக்குமதி வரி 20 சதவீதமா இருந்தது. 2020 பட்ஜெட்ல 60 ஆச்சு, 2023ல 70. அதுக்கு மேல ஜிஎஸ்டி, கூரியர், நடுவுல வாங்கி விற்கிறவர் லாபம். ஆக, நீங்க கொடுக்கிற தொகையில பெரிய பங்கு பொம்மைக்குப் போகவே இல்லை. பத்தாயிரம் கொடுத்தேன், தரமாத்தான் இருக்கும்னு நம்பறது பாதி வரி ரசீதை நம்பற மாதிரி. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு சிலர் பார்க்கிறாங்க, நல்ல பழக்கம். 2021 ஜனவரி 1லேர்ந்து இங்கே பொம்மைக்கு அது கட்டாயம். ஆனா அந்த விதி 14 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகள் விளையாடற பொருளுக்கானது. அது பார்க்கிறது கூர் முனை, விஷப் பொருள், வாயில போடுற சின்னத் துண்டு. கணுக்கால் மூணு வருஷம் நிக்குமான்னு அது சொல்லாது. கலெக்டிபிள் பெட்டிகள்ல பலதுல 14+, 15+னு போட்டிருக்கும். அங்கே அந்தக் கேள்வியே எழாது. போலியைக் கண்டுபிடிக்க முத்திரையைவிட மூக்கு உதவும். திறந்ததும் பெட்ரோல் பங்க் மாதிரி நெடி, எண்ணெய்ப் பளபளப்பு, பாதத்துக்கு அடியிலோ முதுகிலோ கம்பெனி முத்திரை இல்லாமை: இந்த மூணும் சேர்ந்தா கிளம்பிடுங்க.

இன்னொரு விஷயத்தை நான் பார்த்த ரிவ்யூக்கள்ல யாரும் சொன்னதில்லை: நம்ம ஊர் வெயில். அதுல பாதிப் பேர் குளிர் நாட்டுல, ஏசி அறையில, வாங்கின முதல் நாளே பேசறவங்க. நம்ம ஹாஸ்டல்ல மே மாசம் மதியம் ரூம் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பிவிசியை மென்மையாக்கக் கலக்கிற பிளாஸ்டிசைசர் சூட்டுல மெல்ல மேலே கசிஞ்சு வரும். பொம்மை வேர்த்த மாதிரி பிசுபிசுக்கும். காத்தே படாத பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருந்தா இன்னும் மோசம். மிதமான வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவினா போயிடும், பயப்பட வேண்டாம். போகாத ஒண்ணு இருக்கு: ஒரு அடிப் பெரிய பொம்மைகளுக்குப் போடுற செயற்கைத் தோல் உடை. பாலியூரித்தேன் பூச்சு காத்துல இருக்கிற ஈரத்தாலேயே உடைஞ்சு போகும். சில வருஷத்துல செதில் செதிலா உதிரும். கடற்கரை ஊர்ல இருக்கிறவங்க தோல் அங்கி போட்ட மந்திரவாதியை வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. பிளாஸ்டிக்கிலேயே செதுக்கின அங்கி மடங்காது, ஆனா இருக்கும்.

பெட்டியைத் திறக்காமலே வெச்சிருக்கிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவுல ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டின்னு ஒரு அமைப்பு இருக்கு. பொம்மையை அனுப்பினா நூத்துக்கு மார்க் போட்டு, அக்ரிலிக் பெட்டிக்குள்ள சீல் வெச்சுக் கொடுப்பாங்க. அட்டை மூலை மடங்கலை, பிளாஸ்டிக் குமிழ் மஞ்சளாகலை, நல்ல மார்க். சீல் பிரிக்காத பொம்மையோட முழங்கால் மடங்குமான்னு மார்க் போட்டவருக்குத் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. அது பாதுகாப்புக்கான மார்க். அதைத் தரத்துக்கான மார்க்னு குழப்பிக்கிட்டா, லேபுக்கே போகாம ரெக்கார்டு நோட்டுக்கு முழு மார்க் வாங்கின கதைதான். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

"எனக்கு அசைக்கவே வேண்டாம், மேசை மேல நின்னாப் போதும், முகம்தான் முக்கியம்"னு நீங்க சொல்லலாம். நியாயம்தான். அப்போ ஆக்‌ஷன் ஃபிகர் எதுக்கு? அதே காசுக்கு ஜாயின்ட் இல்லாத சிலை வாங்குங்க. முப்பது ஜாயின்ட்டுக்குப் போக வேண்டிய செலவு முழுக்க முகத்துக்கும் வர்ணத்துக்கும் போயிருக்கும், உடம்புல ஒரு வெட்டும் இருக்காது. என்ன, ஒத்தைக் கால்ல நிக்கிற பிவிசி சிலைன்னா ரெண்டு கோடை தாண்டினதும் கொஞ்சம் சாய ஆரம்பிக்கும்.

என்னைக் கேட்டா எதை வாங்கச் சொல்வேன்? ஹீ-மேனே திரும்ப வந்திருக்கான். 2008ல ஃபோர் ஹார்ஸ்மென் ஸ்டூடியோ செதுக்கின கிளாசிக்ஸ் வரிசை ஏழு அங்குலம். அழகுன்னா அதுதான் அழகு, ஆனா இப்போ பழைய சரக்கா யாராவது விற்றாத்தான் உண்டு, விலையும் அதுக்கேத்த மாதிரி. 2020ல பரவலா விற்பனைக்கு வந்த ஆரிஜின்ஸ் வரிசை அதே பழைய அஞ்சரை அங்குலம், 16 ஜாயின்ட். முப்பது இல்லை, பதினாறு. தலை, கை, கால் எல்லாம் கழட்டி வேற ஆளுக்கு மாட்டலாம். முழங்கால் வெட்டு அசிங்கமாத்தான் தெரியுது, மறைக்கலை. பெயின்ட் சிக்கனம். ஆனா நிக்கறான், கையில கொடுத்தா அஞ்சு வயசுப் பையனும் அசைப்பான், இருபத்தொரு வயசு ஆளும் அசைப்பான். அதே ஃபோர் ஹார்ஸ்மென் 2015ல கிக்ஸ்டார்ட்டர்ல ஆரம்பிச்ச மிதிக் லெஜியன்ஸ் வரிசையும் இதே தத்துவம்தான்: சில கவசம், சில கால், சில தலை அச்சுகளை மாத்தி மாத்திச் சேர்த்து ஒரு படையையே உருவாக்கியிருக்காங்க. 1982ல கண்டுபிடிச்ச சிக்கனம் இன்னைக்கும் செல்லுபடியாகுது.

ஏற்கெனவே வாங்கிட்டவங்களுக்கு, திருப்பி அனுப்பற தேதி முடியறதுக்குள்ள ஒரு வேலை. பெட்டியைத் திறந்ததும் எதையும் திருகாதீங்க. அசையாத ஜாயின்ட் பெரும்பாலும் பெயின்ட்ல ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் ஒரு நிமிஷம் வெந்நீர்ல வெச்சு, பிளாஸ்டிக் இளகினதும் மெதுவா அசைங்க. ஹேர் டிரையர் இருந்தா அதுவும் போதும். பாதத்தைப் பிடிச்சுத் திருகாம, ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிப் பிடிங்க. வளைஞ்ச வாளும் அதே வெந்நீர்ல நேராகும், நிமிர்த்தின கையோடு குளிர்ந்த தண்ணில போட்டா அப்படியே நிக்கும். அடுத்து, கையில வாளைக் கொடுத்து நேரா நீட்டி ஒரு ராத்திரி விட்டுடுங்க. காலைல கை இறங்கியிருந்தா அந்தத் தோள் மூணு வருஷம் தாங்காது, போட்டோ எடுத்து மெயில் போடுங்க. தேதி முடிஞ்சவங்க, தளர்ந்த பந்து ஜாயின்ட்டைக் கழட்ட முடிஞ்சா அந்தப் பந்து மேல நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசா ஒரு பூச்சு பூசி, முழுசாக் காய விட்டு மாட்டுங்க. உடனே மாட்டினா ஒட்டிக்கும். சூப்பர் க்ளூ பக்கம் போகவே போகாதீங்க.

ஹாஸ்டல்ல கெட்டிலுக்கு அனுமதி இல்லைன்னு எனக்கும் தெரியும். மெஸ்ல காலை டீக்கு முன்னாடி போய்க் கேட்டா அண்ணன் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுப்பார். எதுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க.